வாசலில் ஒரு ஜோடி ஷூ

நோட்டீஸ் வந்த அன்று டர்னர் வாடகைக்குப் பேசியிருந்த ஷெட்டில் தரையை அளந்துகொண்டிருந்தார். லேத் மெஷினை எங்கே நிறுத்தலாம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும், கடையும்போது விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டித் தள்ள மூலையில் இடம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் சாப்பாட்டு நேரம் தப்பிப் போனது. வெளிநாட்டில் எட்டு வருஷம் பிறத்தியார் மெஷினில் கடைசல் வேலை பார்த்தவர், அதனால்தான் ஊருக்கு அவர் டர்னர். விடுமுறை என்று வந்தது இரண்டு தடவை, அதுவும் வந்த காலோடு திரும்பிய வரவு. இனிமேல் சொந்த மெஷின், சொந்த ஊர் என்று முடிவு செய்து போன மாதம்தான் திரும்பியிருந்தார். வேலையை விட்டபோது கம்பெனி கொடுத்த தொகை முழுவதும் இங்கே வங்கியில் கிடந்தது. அதை நம்பித்தான் ஷெட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவள் தையல்கடை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். கிழிசல் தைக்க வருகிறவர்களிடம் பல சமயம் காசு வாங்கமாட்டாள்.

டர்னர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். வரி அலுவலகத்து நோட்டீஸ். இத்தனை வருஷமும் நீங்கள் இந்த நாட்டில் வசிப்பவர் என்றே கணக்குத் தாக்கல் செய்திருக்கிறீர்கள். இங்கே வசிப்பவர் உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அதை இங்கே காட்டி வரி கட்ட வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை ஒரு வருஷமாவது காட்டினீர்களா? பதில் வரும்வரை உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"நான் இங்கேயேதான் இருந்தேனாம். அப்போ அங்கே மெஷின் ஓட்டினது யாரு, என் நிழலா?"

அவள் சிரிக்கவில்லை.

"அது நான் போட்டதுங்க," என்றாள்.

அவள் எதற்காக அப்படிப் போட்டாள் என்பதைச் சொல்ல, அவர் ஊரைவிட்டுப் போன முதல் மாதத்திற்குப் போக வேண்டும். ஒரு சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே ஓர் ஆண் குரல், வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டது. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவனோ, வேறு எவனோ, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இடுப்பில் கைக்குழந்தை. கதவைத் திறக்காமலே, "இருக்கார், குளிக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்க ஆரம்பித்தார். சிலிண்டர்காரர் வந்தால் இருக்கார், குளிக்கிறார். துணி விற்க வருகிறவன் கேட்டால் இருக்கார், தூங்குகிறார். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தால் இப்போதுதான் கடைவரைக்கும் போனார். கடைத்தெருவிலிருந்து அவர் அளவுக்கு என்று உத்தேசமாக ஒரு ஜோடி புதுக் கறுப்பு ஷூ வாங்கி வந்து, வாசற்படி ஓரத்தில், இப்போதுதான் கழற்றிப்போட்ட மாதிரி கொஞ்சம் கோணலாக வைத்தாள். விடுமுறை நாளில் அதற்குப் பாலிஷ் போட்டு வேறு மாதிரிக் கோணலாக வைப்பாள். ஒரே இடத்தில் கிடந்தால் யாராவது கவனிப்பார்கள் அல்லவா? மகளுக்கு விவரம் தெரிந்தபோது அதை 'வாசல் ஷூ' என்றுதான் சொல்லத் தெரிந்தது. தனியாக இருக்கிற பெண்கள் இப்படி எத்தனை ஷூக்களை எத்தனை வாசல்களில் வைத்திருக்கிறார்களோ, எல்லாம் அறிந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

தையல்கடைக்கு உரிமம் அவர் பெயரில் இருந்தது. ஆகவே வருஷா வருஷம் அவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அவள் பேரில் பவர் பத்திரம் எழுதி வைத்துவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். முதல் வருஷம் அவள் கடைத்தெருவில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். ஜெராக்ஸ் அண்ணன் இந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பித் தருவதற்கு முறையாக அனுமதி வாங்கியவர். ஜெராக்ஸில் என்ன வரும்? படிவம் நிரப்புகிற வருமானத்தில்தான் அவர் குடும்பம் ஓடியது. வீணான தாளையெல்லாம் அடுக்கிவைத்து, பிள்ளைகள் படம் போட என்று சும்மா கொடுப்பார்.

அன்று கடையில் கூட்டம். அவள் முதுகுக்குப் பின்னால் முன்பின் தெரியாத மூன்று நான்கு ஆண்கள். ஜெராக்ஸ் அண்ணன் திரையைப் பார்த்தபடி, அவர் இங்கே வசிப்பவரா, வெளிநாட்டில் வசிப்பவரா, எதைப் போடட்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். பின்னால் பேச்சு நின்ற மாதிரி அவளுக்குப் பட்டது.

"இங்கேதான் இருக்கார்," என்றாள்.

ஜெராக்ஸ் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, வெளிநாடு போயிருக்கிறாரே தங்கச்சி என்று கேட்டார். இங்கேதான் அண்ணே, அப்படியே போடுங்க என்று அவள் மறுபடியும் சொன்னாள். சொல்லிவிட்டு, வீட்டு விலாசம் இருந்த தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவர் அப்படியே டிக் போட்டார்.

இதையெல்லாம் கேட்டு முடித்த டர்னர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ எட்டு வருஷமா நான் குளிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்," என்றார். "தோல் மிஞ்சினதே பெரிசு."

அதன் பிறகு அவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணம் போனால் ஷெட் இல்லை. ஷெட் இல்லை என்றால் மறுபடியும் வெளிநாடு. பழைய கம்பெனியின் ஃபோர்மேன் வந்துவிடு வந்துவிடு என்று இரண்டு தடவை போன் செய்தாயிற்று. அவர் வீட்டிலேயே இருக்கிறார் என்று எழுதியதால் அவர் வீட்டைவிட்டுப் போக வேண்டியதாக இருந்தது. இரண்டு பேருக்கும் அது புரிந்தது.

ஆடிட்டரைப் போய்ப் பார்த்தார்கள். மாடியில் சின்ன அறை. மேஜை முழுக்கத் தாள் பறக்காமலிருக்கக் கண்ணாடிக் குண்டுகள். நல்ல மனிதர், அவசரக்காரர். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒருவர் எங்கே வசிப்பவர் என்பதை அவர் எந்த நாட்டில் எத்தனை நாள் தங்கினார் என்பதுதான் தீர்மானிக்கும், முத்திரைகள் தெளிவாக இருக்கின்றன, அந்தப் பயம் வேண்டாம் என்றார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் உண்டான ஒரு சின்ன வரிச் சலுகை இத்தனை வருஷமும் அவர்கள் கணக்கில் சேர்ந்திருந்தது. சலுகைக்காகத் தெரிந்தே ஒரு மாதிரி எழுதிவிட்டு, பெரிய பணம் வந்ததும் வேறு மாதிரி மாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படியில்லை, இது ஒரு தவறுதான் என்று அதிகாரிக்குத் தோன்றினால் திருத்த அனுமதிப்பார். தோன்றாவிட்டால் எழுதியது எழுதியதுதான்.

"ஒரே வழிதான் சுலபம்," என்றார் ஆடிட்டர். "படிவம் நிரப்பினவர் உங்களைக் கேட்காமலே டிக் போட்டுட்டார்னு எழுதிக் கொடுத்துடுங்க. கணக்கு ஒரே நாள்ல விடுதலை."

அப்படியானால் அவருக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அனுமதி ரத்தாகும், வேறொன்றும் ஆகாது என்றார் ஆடிட்டர். வேறொன்றும் ஆகாது என்பதை அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார். தாளையும் அவரே தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி.

இந்த விஷயம் எப்படியோ ஜெராக்ஸ் கடைவரைக்கும் போய்விட்டது. மறுநாள் ஜெராக்ஸ் அண்ணன் கடையைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்கே வந்தார். வந்தவர் ஷூவைப் பார்த்துத் தாண்டி, முன்னறையில் துணிக்குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, என் மேலேயே போட்டுவிடு தங்கச்சி, தயங்காதே என்றார். அன்றைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தப்புத்தானே, ஜெராக்ஸ் போட்டே பிழைத்துக்கொள்வேன் என்றார். ஜெராக்ஸ் போட்டே பிழைக்க முடியாது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் போனபிறகு டர்னர் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அவரே சொல்லிட்டார். கையெழுத்தைப் போடு. நாளைக்கு நாம ஏதாவது பண்ணி அவரைத் தூக்கி விட்டுடலாம்."

"அவர் கேட்டாருங்க. ரெண்டு தடவை கேட்டார். நான்தான் போடச் சொன்னேன்."

"அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"அவருக்கும் தெரியுமே."

டர்னருக்குக் கோபம் வந்தது. அங்கே எத்தனை வருஷம் கட்டிலுக்குக் கட்டில் துணியைத் திரையாகக் கட்டிக்கொண்டு தூங்கினேன் தெரியுமா என்றார். மகள் நடக்கப் பழகினதைப் போனில் பார்த்தேன், முதல் பல் விழுந்ததைப் போனில் பார்த்தேன், இன்னும் எத்தனையைப் போனில் பார்க்கச் சொல்கிறாய் என்றார். கடைசியில், "நீ போட்ட ஒரு டிக், என்னை மறுபடி விமானத்துல ஏத்துது" என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே வலித்தது. எழுந்துபோய் வாசலில் நின்றார்.

அவள் அழவில்லை. அழுதால் அவர் இறங்கிவந்துவிடுவார் என்று தெரியும். அப்படி அவரை இறக்க அவளுக்கு மனமில்லை. பாதியில் கிடந்த சட்டைக் காலரைத் தைத்து முடித்தாள். கடவுளே, பொய்யாலே வந்ததைப் பொய்யாலே தீர்க்கிற மாதிரி என்னை ஆக்கிவிடாதே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அவள் வழக்கமாகக் கேட்பதெல்லாம் இப்படிச் சின்ன விஷயங்கள்தான். பிறகு அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தையல் மெஷின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். டர்னர் இதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து உள்ளே வந்து, மெஷினை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து, மடிப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சரி செய்தார். ஆட்டம் நின்றது.

"சரி," என்றார். "உள்ளதைச் சொல்லுவோம். போனா போகட்டும்."

"போகாதுங்க," என்றாள் அவள். எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

வரி அலுவலகம் போகிற அன்று காலையில் டர்னருக்குப் போட்டுக்கொள்ள நல்ல செருப்பு இல்லை. தொழிற்சாலையில் போட்டிருந்த, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதிகாரி முன்னால் ரப்பர் செருப்போடு போய் நிற்கவா என்று அவள் வாசல் ஷூவைத் துடைத்துக் கொண்டுவந்தாள். அவர் காலைத் திணித்தார். எட்டு வருஷம் பூட்ஸில் கிடந்த கால் அகலமாகியிருந்தது. கடித்தது.

"அப்பா, அது உங்க ஷூ இல்ல. அது வாசல் ஷூ," என்றாள் மகள்.

"இன்னைக்கு ஒரு நாள் வாசல்கிட்ட கடன் வாங்கிக்கிறேன்," என்றார் அவர்.

பேருந்தில் ஆடிட்டர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். தாளில் கையெழுத்துப் போடவில்லை என்று அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் கைவிடவில்லை. முதல் வருஷத்துக் கதையை மட்டும் சொல்லுங்கள், கூட்டம், பயம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். அடுத்தடுத்த வருஷத்தைப் பற்றி அவராகக் கேட்டால், பழையதையே கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள் என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலுவலக வராண்டாவில் நீளமான பெஞ்சு. அதன் ஓரத்தில் ஜெராக்ஸ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேலைநாளில் அவர் கடையைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை. தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், இங்கேயேதான் இருப்பேன் என்றார். ஒரு பெரிய சாப்பாட்டு டப்பா மடியில் இருந்தது.

அறைக்குள் அதிகாரி ஒருவர், ஜன்னலோரம் தட்டச்சு செய்கிற அம்மா ஒருவர். தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அதட்டுகிற மனிதர் இல்லை. ஆனால் எதையும் சட்டென்று நம்புகிறவரும் இல்லை. நம்பி நம்பி ஏமாந்த நாற்காலி அது.

இவர் வெளிநாட்டில் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்று ஆரம்பித்தார். தட்டச்சு அம்மா அதை அடித்துக்கொண்டார். என் கேள்வி, இங்கே வசிப்பவர் என்று ஏன் எழுதினீர்கள் என்பதுதான். பவர் பத்திரப்படி கையெழுத்துப் போட்டது யார்?

"நான் சார்."

படிவம் நிரப்பியவர் உங்களைக் கேட்டாரா?

"ரெண்டு தடவை கேட்டார். நான்தான் இங்கே இருக்கார்னு போடச் சொன்னேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. அதை முதல்ல எழுதிக்குங்க."

ஆடிட்டர் கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார், இனி அதற்கு வேலை இல்லை என்பதுபோல.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கதவு தட்டினதைச் சொன்னாள். குளிக்கிறார், தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெராக்ஸ் கடையில் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆட்களைச் சொன்னாள். குரல் உயரவும் இல்லை, தழையவும் இல்லை. வந்தவரிடம் சட்டையின் அளவைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்டது, ஆடிட்டர் பயந்த அதே கேள்வி.

"முதல் வருஷம் கூட்டம் இருந்தது, சரி. ஒவ்வொரு வருஷமுமா கூட்டம் இருந்தது?"

ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இல்லை சார். மறு வருஷம் கடையில யாருமே இல்லை. அண்ணன் மறுபடியும் கேட்டார், இப்போவாவது மாத்திடலாமான்னு. நான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

அவள் டர்னரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இவர் இந்த வீட்ல வசிக்கலைன்னு என் கையால எழுதிக் கொடுக்க மனசு வரலை. எழுதினா அது நிஜமாயிடுமோன்னு இருந்தது. வருஷக்கணக்கா இருக்கார் இருக்கார்னு சொல்லிச் சொல்லி, எனக்கே அது பாதி நம்பிக்கை ஆயிடுச்சு சார். அதுல ஒரு சலுகை இருக்குங்கறது நோட்டீஸ் வந்தப்புறம்தான் தெரியும். ஆனா தப்புன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

டர்னர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டாவது பாதியை அவளும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது மனசைத் தொடுகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் இந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து இதைவிட உருக்கமாகப் பேசினவர்கள் உண்டு என்றார். அதை அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் எட்டு வருஷம் இப்படி ஒரு நாடகம் நடந்தது என்பதற்கு, உங்கள் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது?

அப்போது டர்னர் குனிந்து வலது கால் ஷூவைக் கழற்றினார். காலை முதல் கடித்துக்கொண்டிருந்தது. கழற்றியதில் ஒரு பெருமூச்சும் வந்தது. அதைக் கைக்குட்டையில் வைத்து மேஜைமேல் தூக்கிவைத்தார்.

"மன்னிக்கணும் சார், மேஜைல வைக்கிறதுக்கு. மேல பாருங்க, அப்புறம் அடில பாருங்க."

அதிகாரி பார்த்தார். மேல்தோல் வெயிலில் வெடித்து, மடிப்பு மடிப்பாகப் பாலிஷ் ஏறி, தையல் நூல் நரைத்துக் கிழட்டுத்தனமாக இருந்தது. திருப்பினார். அடியில் கம்பெனி முத்திரையின் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. குதிகாலில் வரி வரியாக இருந்த வெட்டுகள் புதுக் கருக்கோடு அப்படியே இருந்தன. அன்று காலையில் பேருந்து நிறுத்தம்வரை நடந்த தூசி மட்டும் லேசாக ஒட்டியிருந்தது.

"நான் ஒரு சாமானைப் பார்த்தா அது எத்தனை நாள் ஓடினதுன்னு சொல்லிடுவேன் சார், என் தொழில் அது," என்றார் டர்னர். "இது ஓடவே இல்லை. இன்னைக்குத்தான் முதல் நடை. எட்டு வருஷமா வாசல்ல நின்னுக்கிட்டே இருந்திருக்கு."

தட்டச்சுச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை அதிகாரி அப்போதுதான் கவனித்தார். திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரத்து அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு வாசல்லயும் ஒரு ஜோடி இருக்கு சார்," என்றார் அந்த அம்மா. "அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. இன்னும் பாலிஷ் போட்டு வைக்கிறேன். பால் போடறவன்கிட்ட, சார் தூங்கறார்னு சொல்லுவேன்."

அதிகாரி கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். இத்தனை வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்த அம்மா. கணவர் இறந்தது தெரியும், துக்கம் விசாரிக்கவும் போயிருந்தார். அந்த வாசலில் ஷூ இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்த்தார். இருந்திருக்க வேண்டும். தாண்டித்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

தட்டச்சு அம்மா மறுபடியும் விசைப்பலகையில் கையை வைத்தார். தன் துக்கத்தை முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு நிமிஷம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். இந்த உலகம் கவிழ்ந்துவிடாமல் நிற்பது இப்படிப்பட்ட ஒரு நிமிஷங்களால்தான் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன்.

அதிகாரி ஷூவைக் கைக்குட்டையோடு எடுத்து, தானே எழுந்து வந்து டர்னரிடம் கொடுத்தார். உத்தரவு தபாலில் வரும் என்றார். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு, "ரெண்டாவது வருஷத்தைப் பத்தி நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். அவள், ஆமாம் சார் என்று மட்டும் சொன்னாள்.

வராண்டாவில் ஜெராக்ஸ் அண்ணன் எழுந்து நின்றார். உங்களைக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை அண்ணே என்று அவள் சொன்னாள். அவர் டப்பாவைத் திறந்து, அப்படியானால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், நாலு பேருக்கும் இருக்கிறது என்றார். ஆடிட்டரும் உட்கார்ந்தார். இப்படி ஒரு கட்சிக்காரரை வைத்துக்கொண்டு தொழில் நடத்தினால் எனக்கு வேலையே இருக்காது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கவளத்தை எடுத்தார். டர்னர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பேருந்து ஏறினார்.

உத்தரவு வர நாளாகியது. இதற்குள் ஷெட்காரர் இரண்டு தடவை ஆளனுப்பினார். ஃபோர்மேன் ஒரு தடவை போன் செய்தார். டர்னர் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: நான் இங்கேதான் இருப்பேன். ஷெட் கிடைக்காமல் போனால் வேறொருவர் பட்டறையில் கூலிக்குக் கடைவேன், ஆனால் இந்த ஊரில் கடைவேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

தபால் வந்தது. எல்லா வருஷத்துக்கும் வசிப்பு நிலையைத் திருத்த அனுமதி. வங்கிக் கணக்கு விடுதலை. அனுபவித்த சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கடைசியாக, தெரிந்தே தவறான தகவலுக்குக் கையெழுத்திட்டதற்காக அவள் பேரில் ஓர் அபராதம். சட்டத்தில் அதற்குக் குறைவாக விதிக்க வழியில்லாத அளவு. மோசடி நோக்கம் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார் அதிகாரி.

அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன் என்றார் டர்னர். அவள் விடவில்லை. அது என் கையெழுத்துக்கு வந்தது, என் தையல் காசிலிருந்துதான் போக வேண்டும் என்றாள். பள்ளி திறக்கிற சமயம். இரண்டு வாரம் கூடுதலாக உட்கார்ந்து தைத்தாள். கட்டின ரசீதைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் அண்ணனிடமே ஒரு நகல் எடுக்கக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். இதற்குமா சலுகை என்று அவள் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கல்லாவில் போட்டார்.

ஷெட்டில் மெஷின் இறங்குவதற்கு முந்தின நாள் சிலிண்டர்காரர் வந்தார். தலை நரைக்க ஆரம்பித்த மனிதர். தோளிலிருந்து சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, வழக்கம்போல உள்பக்கம் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, சார், சிலிண்டர் வந்திருக்கு என்று குரல் கொடுத்தார்.

"இருக்கார், குளிக்கிறார்," என்று அவள் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து டர்னர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சிலிண்டரை ஒரு கையால் சாய்த்து உருட்டினார். சிலிண்டர்காரர் அவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஒரு வழியா குளிச்சு முடிச்சிட்டீங்களா சார்?"

அவளுக்கு முகம் சிவந்தது. அப்படியானால் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். முதல் மாதத்திலிருந்தே தெரியும் அக்கா என்றார் அவர். சிலிண்டர் கனத்தை நீங்களே தனியாக இழுத்துக்கொண்டு போனதை ஒரு நாள் பார்த்துவிட்டேன் என்றார். பிறகு எதற்கு ஒவ்வொரு தடவையும் அப்படி சார், சார் என்று கத்தினீர்கள் என்று கேட்டாள் அவள்.

"தெருவுல நாலு பேருக்குக் கேக்கட்டும்னுதான்," என்றார் அவர். காலி சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வாசல் ஷூவை மிதிக்காமல் தாண்டிப் படியிறங்கினார்.